நீலத்தாழைக்கோழி படம் போட்ட டி-ஷர்ட்

குழுவுக்கு டி-ஷர்ட் ஆர்டர் போடும் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பாதியில் ராஜினாமா செய்யவும் வழி கிடையாது. அபார்ட்மென்ட் ஆண்டு விழாவுக்கு, ஆபீஸ் கிரிக்கெட் டீமுக்கு, காலேஜ் நண்பர்கள் சந்திப்புக்கு என்று ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில், "அதை நான் பாத்துக்கறேன்" என்று ஒரு தடவையாவது வாயை விட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், முதலில் கையைக் கொடுங்கள். நாமெல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தவர்கள்.

என்னுடையது பறவை பார்ப்பவர்களின் குழு. நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். வேலைக்காகச் சென்னைக்கு வந்து, கள்ளிக்குப்பத்தில் ஒரு ஃபிளாட்டும், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டரும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பைக்குமாக வாழ்ந்துகொண்டிருந்தேன். எதிர் ஃபிளாட்காரர் பெயர்கூடத் தெரியாது. ஞாயிறு காலையில் ஏரிக்கரையில் நிற்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இந்த ஊரில் நாலு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் நடந்த கதைதான் இது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சுபாவத்திலேயே பயந்தவன். கேஸ் அடைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கும் ஜாதி.

மூஞ்சியில் எழுதி ஒட்டு

வெள்ளானூர்ப் பக்கத்தில் இருக்கும் ஏரி அது. கரை ஓரிடத்தில் வளைந்து போகும். அந்த வளைவில் நாணல் மாதிரிச் சம்புப் புதர் மண்டிக் கிடக்கிறது. புதருக்குப் பின்னால் ஒரே ஒரு தெரு, ஓட்டு வீடும் ஷீட் போட்ட வீடுமாக. இந்தப் பக்கக் கரையில் நின்று புதரைப் பார்த்தால், புதரைத் தாண்டி அந்த வீடுகளின் கொல்லைப்புறம் தெரியும். எங்கள் கண்ணுக்கு அதுவரை வீடே தெரிந்ததில்லை. புதரில் இருக்கும் நீலத்தாழைக்கோழிதான் தெரியும். உடம்பெல்லாம் நீலம், மூக்கும் நெற்றியும் சிவப்பு, நீளமான கால். அதைப் பார்க்க ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

ஒரு கார்த்திகை மாத ஞாயிறு. பைனாகுலரில் தாழைக்கோழியைத் தேடிக்கொண்டிருந்தேன். புதருக்குள் ஏதோ நீலமாக அசைந்தது. ஆசையோடு ஃபோகஸ் செய்தேன். புடவை. புடவைக்கு மேலே ஒரு முகம், கையில் துடைப்பம், பார்வை நேராக என் மேல். அடுத்த சில நிமிஷத்தில் அந்த அம்மாள் கரையைச் சுற்றிக்கொண்டு எங்கள் எதிரில் வந்து நின்றார். பெயர் தனம். இட்லி மாவு அரைத்து விற்பவர். அந்தத் தெருவில் அவர் சொன்னதுதான் சட்டம் என்று பிறகு தெரிந்துகொண்டோம். எங்கள் குழுவை ஆரம்பித்த கணபதி சார், வங்கியில் வேலை பார்ப்பவர், பறவைப் புத்தகத்தை விரித்துப் படம் காட்டி விளக்கினார். தனம் அக்கா புத்தகத்தைப் பார்க்கவேயில்லை.

"காலங்காத்தால பொம்பளைங்க பல்லு வெளக்கற எடத்துல பூதக்கண்ணாடி வெச்சிகினு பாக்கற, கேட்டா பட்சி பாக்கறேன்ற. பட்சி பாக்கறவன்னு உன் மூஞ்சில எழுதி ஒட்டிகீதா? எழுதி ஒட்டிகினு வா, நிக்க உடறேன். இல்லாங்காட்டி இந்தப் பக்கம் காலே வெக்காத!"

பறவைக்குத் தெரியாத நிறம்

பொங்கலை ஒட்டி ஊர் ஊராக நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பார்கள். எங்கள் குழுவின் பொறுப்பில் இருப்பது இந்த ஒரே ஏரி. அது போனால் பக்கத்து ஏரிகளில் ஏற்கனவே இருக்கும் பெரிய குழுக்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே எங்களை யார் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? ஆகவே கரையை விட்டு இறங்கியதும் டீக்கடையில் அவசரக் கூட்டம் போட்டோம். மூஞ்சியில் எழுத முடியாது, சட்டையில் எழுதலாம் என்று முடிவானது. குழுவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் நான் ஒருவன்தான். ஆன்லைனில் ஆர்டர் போட இதைவிட என்ன தகுதி வேண்டும்? "நான் பாத்துக்கறேன்" என்றேன். அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை.

முதல் கேள்வி, என்ன நிறம்? இணையதளத்தில் நாற்பது நிறம் இருந்தது. மற்றக் குழுக்காரர்கள் ஆரஞ்சைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பறவை பார்ப்பவர்களால் முடியாது. பளிச்சென்று உடுத்தக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் பால பாடம். வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வந்தால் கரைக்கே விடமாட்டோம், மரத்தடியில் நிற்க வைத்துவிடுவோம். சிவப்பைச் சொன்னவரை முறைத்தார்கள். மஞ்சள் என்றதும் விமலா மேடம் (ஆவடியில் பல் டாக்டர், எங்கள் குழுவின் ஒரே டெலஸ்கோப்புக்குச் சொந்தக்காரர்) காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் சேற்றுக்கும் காய்ந்த புல்லுக்கும் நடுவில் ஒரு நிறத்தைக் கணபதி சார் கண்டுபிடித்தார். எல்லோரும் கை தட்டினோம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். எதையோ மறந்துவிட்டோம் என்று தோன்றியது, என்ன என்று பிடிபடவில்லை. கேஸ் அடைத்தேனா என்று வரும் அதே சந்தேகம்தான் என்று விட்டுவிட்டேன். கணபதி சார் டீயை உறிஞ்சியபடி திருப்தியாகச் சொன்னார்.

"அப்படியே கரையோட கரையா கலந்துடுவோம் முருகேசு. நாம நிக்கறதே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அதான் நல்ல டி-ஷர்ட்டு."

கால்விரல் பிரச்சினை

அந்த இணையதளத்தில் படம் வரைந்து கொடுக்கவும் ஆள் இருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் ஓர் இளம்பெண். குரலை வைத்துச் சொல்கிறேன், முகம் பார்த்ததில்லை. நீலத்தாழைக்கோழியின் போட்டோவை அனுப்பி வைத்தேன். மறுநாள் அழகான ஒரு படம் வந்தது. நெஞ்சில் பெரிதாகப் பறவை, அதற்குக் கீழே "நாங்கள் பறவை பார்க்கிறோம்" என்று கொட்டை எழுத்து. எனக்குப் பிடித்திருந்தது. குழுவில் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

பறவை பார்ப்பவர்களிடம் பறவைப் படத்தைக் காட்டுவதும் நகை ஆசாரியிடம் கவரிங்கைக் காட்டுவதும் ஒன்றுதான். கால் விரல்களுக்கு நடுவில் வாத்துக்கு இருப்பதுபோலச் சவ்வு இருக்கிறது என்றார் ஒருவர். வால் தூக்கியிருக்கும்போது அடியில் வெள்ளை தெரிய வேண்டுமே என்றார் இன்னொருவர். நெற்றிச் சிவப்பு இளம் பறவையினுடையது மாதிரி மங்கலாக இருக்கிறது, இது குஞ்சா பெரியதா என்று விமலா மேடம் கேட்டார். ஒவ்வொரு திருத்தத்தையும் நான் அந்தப் பெண்ணுக்கு மெதுவாகச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டு விட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே. விரலைச் சரியாகக் காட்டுவதற்காகப் பறவையைப் பெரிதாக்கச் சொன்னார் கணபதி சார். பறவை வளர வளர எழுத்து சுருங்கிக்கொண்டே போனது. எழுத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும்தான். பின் விரலின் நகம் கொஞ்சம் வளைந்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் போன் செய்தேன். அந்தப் பெண்ணிடமிருந்து ரொம்பப் பொறுமையாகப் பதில் வந்தது.

"சார், இது டி-ஷர்ட்டு சார். இது நீந்தவும் வேணாம், முட்டை போடவும் வேணாம்."

உங்கள் அளவு என்ன

அளவு கேட்பதைப் போல ஆபத்தான வேலை உலகத்தில் இல்லை. ஒருவரிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக் கேட்கலாம். டி-ஷர்ட் அளவைக் கேட்டால் கல்யாணத்தின்போது இருந்த அளவைத்தான் சொல்வார்கள். கணபதி சார் 'மீடியம்' என்று எழுதி அனுப்பினார். அவர் குனிந்து ஷூ நாடா கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அதை எப்படி அவரிடம் சொல்வது? "சார், இந்தக் கம்பெனி அளவு கொஞ்சம் சின்னதா வருமாம்" என்று பொய் சொல்லி, எக்ஸ்எல்லுக்குக் கூட்டி வந்தேன். அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

வெள்ளானூர்க்காரர் பாபு பரவாயில்லை. தலைமுறையாக அந்த ஊரில் பயிர் வைத்த குடும்பம், இப்போது அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். "எது பெருசோ அத்தப் போடு மாமே" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். விமலா மேடம்தான் கடைசி நாள் வரை இழுத்தடித்தார். தினமும் நினைவூட்டினேன். தினமும் யோசிப்பதாகச் சொன்னார். கடைசியில் கிளினிக்கில் நோயாளியின் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் பதில் சொன்னார்.

"தொளதொளன்னு இருந்தா காத்துல படபடத்துப் பறவை பயந்துக்கும். டைட்டா இருந்தா நான் பயந்துக்குவேன். நடுவுல ஒண்ணு பாத்துப் போடுங்க முருகேசு."

பக்கத்தில்தான் இருக்கிறது

ஆர்டர் போன பிறகு ஒருவன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று சொல்பவர்கள் ஆர்டர் போட்டதில்லை என்று அர்த்தம். நான் போனில் பார்சல் எங்கே என்று பார்ப்பேன், பல் தேய்ப்பேன், மறுபடி பார்ப்பேன். 'அச்சாகிக்கொண்டிருக்கிறது' என்று பல நாள் நின்றது. பிறகு 'அனுப்பப்பட்டது' என்றது. அதற்கு அப்புறம் ஓசூர் போய்விட்டதாகக் காட்டியது. ஏன் ஓசூர்? பில்லை எடுத்துப் பார்த்தேன். அச்சடிக்கும் இடம் திருமழிசை எஸ்டேட் என்று போட்டிருந்தது. திருமழிசையிலிருந்து அம்பத்தூருக்கு வர வேண்டிய பெட்டிக்கு ஓசூரில் என்ன ஜோலி? புகார் எண்ணுக்கு எழுதினேன். 'உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது' என்று உடனே பதில் வந்தது. எழுதியது மனிதன் இல்லை என்று அதிலேயே தெரிந்தது. என் கவலை என் மனைவி சுமதிக்கே புரியவில்லை.

கணக்கெடுப்புக்கு ஒரு வாரம்கூட இல்லை. சட்டை வராவிட்டால் கரை இல்லை, கரை இல்லாவிட்டால் குழு இல்லை. ஆபீசில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன், பொய்யும் இல்லை. பூந்தமல்லிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் திருமழிசையில் இறங்கி, வெயிலில் ஒவ்வொரு ஷெட்டாகப் பெயர்ப்பலகை படித்துக்கொண்டே நடந்தேன். கண்டும் பிடித்துவிட்டேன். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம், சூடான மை வாசனை. என் சட்டைகள் இங்கேதான் பிறந்தன என்று நினைத்தபோது கொஞ்சம் நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. வாசல் செக்யூரிட்டியிடம் போனைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதையைப் பார்த்ததும் காரியம் கெட்டுவிட்டது என்று புரிந்தது.

"இங்க அடிக்கறதோட செரி சார். உன் சட்டை முந்தாநேத்தே லாரி ஏறிகிச்சி. நீ ஊட்டுக்குப் போயி குந்து, அதுவா உன்னத் தேடிகினு வரும்."

பெட்டி வந்தது

வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் மாடிப்படி ஏறும்போது எனக்கு முன்னால் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் சாவியால் டேப்பைக் கிழித்தேன். முதல் சட்டையை விரித்தேன். பறவை தத்ரூபம். விரல், நகம், நெற்றிச் சிவப்பு, வாலடி வெள்ளை, ஒன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் சட்டை? திரையில் சேறாகத் தெரிந்த நிறம் கையில் காக்கியாக இருந்தது. கொஞ்சம் காக்கி மாதிரி இல்லை, அசல் காக்கி. ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பார்த்தேன், டியூப் லைட் அடியில் பார்த்தேன், பால்கனியில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எங்கே வைத்தாலும் காக்கிதான். கேட்டு அச்சடித்த சட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஆர்டர் போட்ட அன்றே படித்திருந்தேன்.

போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். எல்லோரும் படத்தைப் பெரிதாக்கிக் கால் விரலைத்தான் பார்த்தார்கள். 'அற்புதம்', 'நகம் பிரமாதம்' என்று வரிசையாக வந்தது. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்று நினைத்து, சட்டையைப் போட்டுக்கொண்டு குப்பைக் கூடையோடு கீழே இறங்கினேன். எங்கள் வாட்ச்மேன் என்னை நான்கு வருஷமாகப் பார்ப்பவர். என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து, பீடியைக் காலடியில் போட்டு மிதித்தார்.

"வாங்க சார், எந்த வீடு சார் பாக்கணும்?"

கணக்கெடுப்பு ஞாயிறு

வேறு சட்டைக்கு நேரமில்லை. விடிந்ததும் கரையில் கூடினோம். நல்ல பனி. குழுவின் சட்டையை எல்லோரும் போட்டிருந்தார்கள், எழுத்தைத் தனம் அக்கா படித்துவிட்டால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். பாபு மட்டும் வரவில்லை. கல்யாண சவாரி ஒன்று முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். விமலா மேடம் முக்காலியை விரித்து டெலஸ்கோப்பைப் பொருத்தி, சம்புப் புதர் பக்கம் திருப்பினார். கணபதி சார் கையை நீட்டி நீட்டி உரக்க எண்ண ஆரம்பித்தார். "அந்த ஓரம் நாப்பது... புதர் பக்கம் பதினாலு... பின்னாடி இருக்கறதைத் தனியா எழுதுங்க!" நான் எழுதினேன். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் என்று மளமளவென்று போய்க்கொண்டிருந்தது. ஏரி நிறையப் பறவை. ஒரு கால் மணி நேரம் நான் பயப்படவேயில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

புதருக்குப் பின்னால் ஒரு கதவு படாரென்று சாத்தியது. இன்னொன்று. ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கரை வளைவில் ஆட்கள் வந்தார்கள். முன்னால் தனம் அக்கா. கையில் துடைப்பம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் சட்டையைக் காட்டுவதற்காக நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் என் நெஞ்சைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது. ஈரத் தரையில் எதையும் வைக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் என்னிடமே நீட்டினார். போன தடவை 'உன் மூஞ்சி' என்று பேசிய அதே வாய்தான் பேசியது.

"ஐயா, கரண்டு பில்லுலாம் கரீட்டா கட்டிகினு வரோம்யா. பொண்ணு பன்னெண்டாவது பரீட்ச எழுதப் போவுது. அது வரிக்கும் அளக்காதீங்கய்யா, பெரிய மன்சு பண்ணி அப்பால வாங்க."

பட்சிக்காரங்க

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு எங்களை நானே அந்தத் தெருவின் கண்ணால் பார்த்தேன். பனிக்குள் வரிசையாகக் காக்கிச் சட்டை. முக்காலி மேல் ஒரு கருவி, அது வீடுகளைப் பார்த்து நிற்கிறது. ஒருவர் கை நீட்டி எண் சொல்ல, ஒருவன் எழுதிக்கொள்கிறான். எங்கள் படமும் எழுத்தும் எங்கே? குனிந்து பார்த்தேன். நெஞ்சுக்கு நடுவில் என் பைனாகுலர் தொங்கிக்கொண்டிருந்தது. பறவையின் காலும் கீழே இருந்த எழுத்தும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தன. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன், அவர் நெஞ்சிலும் பைனாகுலர். அடுத்தவர் நெஞ்சில் கேமரா. பறவை பார்ப்பவன் கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும் என்பது எங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? நாங்கள்தான் சரியாக அந்த இடத்தில் படம் போட்டு, விரல் நகத்தைத் திருத்திக்கொண்டு இருந்தோம்.

பைனாகுலர் வாரை அவசரமாகத் தலை வழியாகக் கழற்றினேன், தொப்பியும் கூடவே விழுந்தது. "அக்கா, நாங்க ஆபீசருங்க இல்லக்கா. பறவை பாக்கறவங்க. நீங்கதான எழுதி ஒட்டிக்கிட்டு வரச் சொன்னீங்க?" என்றேன். அவர் கிட்டே வந்து குனிந்து, எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. பிறகு அவர் எழுந்து எங்களைத் திட்ட ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதில்லை. அந்த நேரத்தில் வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்த பாபு, மேலே நீலச் சட்டையும் கையில் மடித்த குழுச் சட்டையுமாக, நிலைமையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா மாமே இது! ஏரிய அளந்து ஊட்ட இடிக்க வராங்கன்னு ஊரே ஒரு மாசமா பயந்துகினு கீது. அந்த நேரம் பாத்து காக்கில வந்து நின்னுகினு கீற!"

பனியன் ஒண்ணு

கணக்கெடுப்பை முடித்தோம். தனம் அக்காவே பக்கத்தில் நின்றார். விமலா மேடம் டெலஸ்கோப்பைத் தாழ்த்திக் கொடுக்க, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நீலத்தாழைக்கோழியைப் பார்த்தார். "இத்தப் பாக்கவா இம்மாங் கூட்டம்? எங்க ஊட்டுக் கொல்லையில தெனைக்கும் மேயுது" என்றார். கணபதி சார் கால் விரலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். கரை எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அந்தக் கவரை அவர் மறுபடி மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டது கண்ணை விட்டுப் போகவில்லை. நாங்கள் அளக்க வரவில்லை, சரி. அளப்பவர்கள் வர மாட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஒரு மாதமாக நான் ஒரு சட்டைக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் வீட்டுக்காகப் பயந்துகொண்டிருந்தார். இரண்டையும் பயம் என்ற ஒரே வார்த்தையால் சொல்வது எனக்கு அன்று முதல் கூச்சமாக இருக்கிறது.

கிளம்பும்போது தனம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் சட்டையின் ஓரத்தை விரலால் தடவித் துணியைப் பார்த்தார். மாவுக்காரர் கை, கரகரவென்று இருந்தது. எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தவர் மாதிரி, மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அது கேட்டுவிட்டது.

"இந்தப் பனியன் ஒண்ணு எனக்குக் குடு சாரு. வாசல்ல கொடில காயப் போட்டு வெக்கறேன். உள்ள எவனோ டூட்டிக்காரன் கீறான்னு நெனச்சி, அளக்க வரவன் அடுத்த தெருவுக்குப் போவட்டும்."

எங்கள் குழுவின் டி-ஷர்ட்டுகளை நீங்கள் பார்க்க விரும்பினால் ஏரிக்கரைத் தெருவுக்குப் போங்கள், வீட்டுக்கு ஒன்றாக எல்லாம் கொடியில் காவல் நிற்கின்றன, நாங்கள் கையில் கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பறவை பார்க்கிறோம், பறவைகள் இதுவரை ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.